எனாமல் மேல் பியூ கிளியர் அடித்ததும் ஏன் சுருங்கியது?

கேள்வியை ஒருமுறை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வீட்டு இரும்பு கேட்டைச் சுரண்டி, ரெட் ஆக்சைடு ஒரு கோட், அதன்மேல் கருப்பு சிந்தெடிக் எனாமல் இரண்டு கோட் அடித்திருக்கிறார்கள். நான்கு நாள் கழித்துத் தொட்டுப் பார்த்தபோது கையில் ஒட்டவில்லை. கார் மாதிரி பளபளப்பு வேண்டும் என்று அதன்மேல் இரண்டு டின்னாக (ஒன்றில் ரெசின், இன்னொன்றில் அதை இறுகவைக்கும் ஹார்டனர்) வரும் பியூ கிளியரை, அதாவது நிறமில்லாத பாலியூரிதேன் பூச்சை, ஸ்பிரே செய்தீர்கள். பத்தே நிமிடத்தில் மொத்தப் பெயிண்டும் பாலாடை மாதிரி சுருங்கி எழும்பிவிட்டது, வெல்டிங் மூலைகளில் இன்னும் மோசம். பெயிண்டர் எனாமல் டூப்ளிகேட் என்கிறார், கடைக்காரர் தின்னர் தப்பு என்கிறார். யார் சொல்வது சரி, ஹார்டனரை இன்னும் கொஞ்சம் கூட ஊற்றியிருந்தால் தப்பித்திருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இருக்கிற நிஜமான கேள்வி வேறு என்று நினைக்கிறேன்: தொட்டால் ஒட்டாத பெயிண்ட் ஏன் காயாத பெயிண்ட் மாதிரி நடந்துகொண்டது?

முதலிலேயே என் எல்லையையும் சொல்லிவிடுகிறேன். இருபது வருடத்துக்கு மேல் கோட்டிங் லேபிலும் சைட்டிலும் இருந்திருக்கிறேன், ஆனால் பெரும்பாலும் டேங்க், பைப், மெஷின் பாகங்கள்தான். வீட்டு கேட் அடிக்கிற பெயிண்டரின் கைப்பழக்கம் எனக்குக் கிடையாது. வேதியியல் பக்கம் அடித்துச் சொல்வேன், உங்கள் கேட்டில் என்ன நடந்தது என்பதில் சில இடங்களில் ஊகம்தான், அந்த இடங்களில் ஊகம் என்றே சொல்கிறேன்.

நாம் எல்லாவற்றையும் 'காய்ந்துவிட்டது' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். பெயிண்டில் அது குறைந்தது இரண்டு தனித்தனி வேலை. ஒன்று, தின்னரோ டர்பன்டைனோ ஆவியாகிப் போவது. பழைய என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கர் இதை மட்டும்தான் செய்யும். மரச்சாமான் மேல் அடித்த அந்த லாக்கரில் பத்து வருடம் கழித்து அதே தின்னரை ஒரு துளி விட்டாலும் கரைந்து கையோடு வரும், ஏனென்றால் உள்ளே இருப்பது இடியாப்பம் மாதிரி தனித்தனி இழைகள், தேங்காய்ப் பால் ஊற்றினால் பிரிந்துவிடும். இரண்டாவது வேலை, அந்த இழைகளுக்கு இடையே முடிச்சு விழுவது. பாடப்புத்தகத்தில் குறுக்குப் பிணைப்பு என்பார்கள். முடிச்சு விழுந்துவிட்டால் இடியாப்பம் மீன்வலை ஆகிவிடுகிறது. எத்தனை நேரம் ஊறினாலும் வலை வலையாகவே இருக்கும். ரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் நடப்பதும் இதுதான், சார்லஸ் குட்இயர் 1839இல் கண்டது. எனாமல், எபாக்சி, பியூ, பவுடர் கோட்டிங் எல்லாமே முடிச்சு விழும் ரகம். முடிச்சுப் போடும் வழிதான் ஒவ்வொன்றுக்கும் வேறு.

உங்கள் சிந்தெடிக் எனாமலில் இருக்கும் பிசினின் பெயர் ஆல்கிட். ஆல்கஹால், ஆசிட் இரண்டு சொல்லையும் ஒட்டவைத்து 1920களில் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியில் ராய் கீன்லி வைத்த பெயர். பாலியெஸ்டர் முதுகெலும்பில் எண்ணெயின் கொழுப்பு அமிலங்கள் வாலாகத் தொங்கும். ஆளி விதை எண்ணெய், சோயா எண்ணெய், நம் நாட்டில் நீர் நீக்கிய ஆமணக்கு எண்ணெயும் உண்டு. இந்த வால்களில் இரட்டைப் பிணைப்புகள் இருக்கின்றன. இரண்டு இரட்டைப் பிணைப்புக்கு நடுவே மாட்டிக்கொண்டிருக்கும் கார்பனில் உள்ள ஹைட்ரஜன் ரொம்பப் பலவீனமானது, காற்றில் இருக்கும் ஆக்சிஜன் அந்த இடத்தைத்தான் பிடிக்கும். பெராக்சைடு உருவாகும், பெயிண்டில் துளியளவு சேர்த்திருக்கும் கோபால்ட் உப்பு அதை உடைக்கும், உடைந்த துண்டுகள் பக்கத்து வாலைப் பிடித்துக்கொள்ளும். அதாவது இந்தப் பெயிண்டுக்கு ஹார்டனர் காற்றுதான். ஆளி விதை எண்ணெயைக் கண்ணாடித் தகட்டில் தடவி எடை பார்த்தால் காயக்காய எடை கூடும், குறையாது. லேபுக்குப் புதிதாக வரும் பையன்களை நாங்கள் இதை வைத்துத்தான் குழப்புவோம். இன்னொன்று, இந்த வினை வெப்பத்தை வெளியேவிடும். ஆளி விதை எண்ணெய் துடைத்த பனியன் வேஸ்டைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகவே தீப்பிடிக்கும், எனாமல் துடைத்ததையும் அதே பயத்தோடு பார்ப்பது நல்லது. விரித்துக் காயவையுங்கள், இல்லாவிட்டால் தண்ணீர் வாளியில் போடுங்கள்.

இப்போது உங்கள் கேட்டுக்கு வருவோம். ஆக்சிஜன் மேலிருந்துதான் வர வேண்டும். மேல்பரப்பு முதலில் முடிச்சுப் போட்டு மூடிக்கொள்கிறது, மூடியபின் கீழே ஆக்சிஜன் இறங்குவது இன்னும் மெதுவாகிறது. டர்பன்டைனும் உள்ளே கொஞ்சம் மாட்டிக்கொள்ளும். சமதளத்தில் மெல்லிசாக அடித்த இடம் சில நாளில் ஓரளவு தேறிவிடும். வெல்டிங் மூலையில் பிரஷ் பெயிண்டைத் தேக்கிவைக்கும், அங்கே இரண்டு மூன்று மடங்கு கனம், வாரக்கணக்கில் உள்ளே பச்சையாகவே இருக்கும். உங்கள் விரல் தொட்டது மேலே இருக்கிற ஏட்டை மட்டும்தான்.

அதன்மேல் பியூ கிளியரோடு போகும் தின்னரில் பெரும்பாலும் சைலீன், பியூட்டைல் அசிடேட் மாதிரி பலமான சரக்கு இருக்கும், எனாமலின் டர்பன்டைன் இவற்றுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. இது எனாமலுக்குள் இறங்குகிறது. முடிச்சே விழாத பெயிண்டாக இருந்தால் கரைந்து கிளியரோடு கலந்திருக்கும், அழுக்காகத் தெரிந்தாலும் சுருங்கியிருக்காது. முடிச்சு முழுதாக விழுந்திருந்தால் தின்னர் உள்ளே போக இடமே அதிகம் இருந்திருக்காது. நடுவில் இருப்பதுதான் தொல்லை. கரைய முடியாது, ஆனால் தின்னரைக் குடித்து உப்ப முடியும். அடிப்பக்கம் பிரைமரோடு ஒட்டியிருக்கிறது, பக்கவாட்டில் விரிய இடமில்லை, எனவே மேலே மடிகிறது. இதற்காகத்தான் பெயிண்ட் கம்பெனிகளின் தகவல் தாளில் அடுத்த கோட்டை இத்தனை மணி நேரத்துக்குள் அடி, இல்லாவிட்டால் இத்தனை நாள் கழித்து அடி என்று விசித்திரமாக எழுதியிருப்பார்கள். நடுவில் இருக்கும் அந்த ஜன்னலில் அடித்தால் சுருங்கும்.

நம்பிக்கை வரவில்லை என்றால் நீங்களே பார்த்துவிடலாம். மூலையில் நன்றாக மடிந்திருக்கும் ஒரு சுருக்கத்தை ஷேவிங் பிளேடால் குறுக்கே வெட்டி, வெட்டுமுகத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். மேலே கிளியர், கண்ணாடி மாதிரி. அதன் கீழே மெல்லிய கருப்புத் தோல், நகத்தால் கீறினால் லேசாகச் சத்தம் வரும். அதற்கும் கீழே பளபளவென்று, மென்று துப்பிய சூயிங்கம் மாதிரி இழுபடும் ஒரு அடுக்கு, நுனியில் டர்பன்டைன் வாசனைகூட அடிக்கலாம். எனக்கு முதன்முதலில் இதைக் காட்டியவர் என் சீனியர். வாடிக்கையாளர் கொண்டுவந்த ஒரு சுருங்கிய பேனலை வெட்டி, எதுவும் பேசாமல் லென்ஸை என் கையில் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

சரி, யார் சொல்வது சரி? அடுத்த கோட் அடித்த சில நிமிடங்களில் சுருங்கியது, கனமான இடத்தில் அதிகமாகச் சுருங்கியது, இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் பாதி முடிச்சு விழுந்த ஆல்கிட்டைத் தின்னர் உப்பவைத்தது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. கடைக்காரர் தின்னர் தப்பு என்பது அரை உண்மை: பியூவுக்குச் சரியான தின்னரைத்தான் ஊற்றியிருப்பார்கள், அது எனாமலுக்கு ஆகாது, அவ்வளவுதான். பெயிண்டர் சொல்லும் டூப்ளிகேட்டை உங்கள் போட்டோவை வைத்து நான் ஒப்புக்கொள்ளவும் முடியாது, தள்ளவும் முடியாது. ஆனால் ஒரு விஷயம், கருப்பு எனாமலுக்கு ஒரு தனி நோய் உண்டு. கருப்பு நிறத்துக்குப் போடும் கார்பன் பிளாக் துகள்கள் கோபால்ட் உப்பைத் தங்கள்மேல் ஒட்டவைத்துக்கொள்ளும். டின் எத்தனை நாள் அலமாரியில் இருக்கிறதோ அத்தனைக்குக் காயும் வேகம் குறையும். எனவே அசல் கம்பெனிப் பெயிண்டே பழைய ஸ்டாக்காக இருந்தால் டூப்ளிகேட் மாதிரி நடந்துகொள்ளலாம். டின்னின் தேதியைப் பாருங்கள். இது ஊகம்தான், மற்ற நிறமாக இருந்தால் இதைச் சொல்லியிருக்கவே மாட்டேன்.

அப்புறம் ஹார்டனர். இதுதான் ஊர் முழுக்க இருக்கும் மூடநம்பிக்கை, கூட ஊற்றினால் கூட இறுகும் என்பது. ஹார்டனர் உப்பு, காரம் மாதிரி ருசிக்குச் சேர்ப்பது இல்லை. அது வலையின் பாதி. எபாக்சியை வைத்துச் சொன்னால் கணக்கு சுத்தமாகத் தெரியும். சாதாரண திரவ எபாக்சி ரெசினில் ஏறத்தாழ 190 கிராமுக்கு ஒரு எபாக்சி கை (கை என்றால் இன்னொன்றைப் பிடித்து முடிச்சுப் போடும் இடம்). டை எத்திலீன் ட்ரை அமீன் என்ற பழைய ஹார்டனரின் மூலக்கூறு எடை 103, அதில் ஐந்து ஹைட்ரஜன் கைகள், ஒரு கைக்கு 20.6 கிராம். ஒரு கைக்கு ஒரு கை. ஆக 100 கிராம் ரெசினுக்கு 10.8 கிராம் ஹார்டனர். குத்துமதிப்பாக 15 ஊற்றினால் மீதி நாலு கிராமுக்குப் பிடிக்கக் கை இல்லை. ஒவ்வொரு ஹார்டனர் மூலக்கூறும் சராசரியாக ஐந்து கையில் மூன்றரை அளவுக்கு மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதைத் தொங்கவிடும், வலை இளகும், தொங்கும் அமீன்கள் காற்றிலிருந்து ஈரத்தையும் கரியமில வாயுவையும் இழுத்து மேலே பிசுபிசுப்பான வெள்ளைப் படலமாகப் பூக்கும். அதன்மேல் அடுத்த கோட் ஒட்டாது. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவித்தான் அடிக்க வேண்டும். ஒரு தண்ணீர்த் தொட்டி வேலையில் ஒரு காண்ட்ராக்டர் சீக்கிரம் முடியட்டும் என்று ஹார்டனரை இருமடங்கு ஊற்றினார். ஆறு நாள் கழித்து நான் போனபோது தரையில் என் பூட்ஸ் தடம் பதிந்தது. அந்த மொத்தத்தையும் சுரண்டி எடுக்க அவருக்கு ஆன நாட்களை நான் எண்ணவில்லை, அவர் எண்ணியிருப்பார்.

பியூ இதைவிடக் கொஞ்சம் பொறுமையானது. ரெசினில் ஹைட்ராக்சில், ஹார்டனரில் ஐசோசயனேட், இரண்டும் சேர்ந்தால் யூரிதேன் முடிச்சு, 1937இல் ஜெர்மனியில் ஓட்டோ பேயர் தொடங்கிவைத்த வேதியியல். இதில் ஹார்டனர் லேசாகக் கூடினால் மிஞ்சியது காற்றின் ஈரத்தோடு சேர்ந்து யூரியாவாகி அதுவும் வலையில் ஒட்டிக்கொள்ளும், அதனால் கம்பெனிகளே கொஞ்சம் கூட வைத்துத்தான் விகிதம் போடுவார்கள். ரொம்பக் கூட்டினால் மொறுமொறுவென்று ஆகி விரிசல் விடும். இங்கே நிஜமான எதிரி தண்ணீர். 18 கிராம் தண்ணீர் இரண்டு ஐசோசயனேட் கைகளை, அதாவது 84 கிராமைத் தின்றுவிடும். வெளிப்புற வேலைக்கு வரும், தின்னர் கலக்காத ஹார்டனர் ஒன்றில் எடையில் 22 சதவீதம் ஐசோசயனேட் இருக்கிறது என்று வையுங்கள், ஒரே ஒரு கிராம் தண்ணீர் 21 கிராம் ஹார்டனரைக் காலி செய்துவிடும், கூடவே கரியமில வாயு வெளியேறி ஊசி முனை ஓட்டைகளாக நிற்கும். கம்ப்ரசரில் தேங்கும் தண்ணீரைத் திறந்துவிடாமல் ஸ்பிரே செய்பவர்கள் இதைத்தான் 'பெயிண்டில் கேஸ் இருக்கு' என்பார்கள். ஆனால் உங்கள் கேட்டில் இறுகாமல் போனது கிளியர் இல்லை, அதன் கீழே இருந்த எனாமல். கிளியரில் எவ்வளவு ஹார்டனர் ஊற்றியிருந்தாலும் சுருங்கியிருக்கும்.

எனாமலுக்குள்ளேயே பியூ ஹார்டனரைக் கலந்திருக்கலாமா என்றும் கடைசியில் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். சில பெயிண்டர்கள் செய்கிறார்கள், அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. ஆல்கிட்டில் மிச்ச ஹைட்ராக்சில் கொஞ்சம் இருக்கும், அதை ஐசோசயனேட் பிடிக்கும், சீக்கிரம் இறுகும். ஆனால் எந்த எனாமலில் எவ்வளவு மிச்சம் என்று டின்னில் எழுதியிருக்காது, டர்பன்டைனில் அந்த ஹார்டனர் சரியாகக் கரையாமல் திரியவும் கூடும். நான் செய்யமாட்டேன்.

'தொட்டால் கெட்டியாக இருக்கிறதே' என்பதற்கு ஒரு கணக்கு உண்டு, எனக்குப் பிடித்தது. பால் ஃபுளோரி என்ற வேதியியலாளர் 1941இல் காட்டியது (1974இல் நோபல் பரிசு வாங்கியவர்). மூன்று கை உள்ள மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டே போகின்றன என்று வையுங்கள். கைகளில் சரிபாதி சேர்ந்த அந்த நொடியில், வாளியின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை ஒரே மூலக்கூறாகிவிடுகிறது. அதுவரை ஊற்ற முடிந்த சரக்கு அதற்கப்புறம் ஊற்ற முடியாது, ஜெல் ஆகிவிட்டது என்போம். கவனியுங்கள், சரிபாதிதான். திரவம் திடமாகிவிட்டது என்று கை சொல்லும் நேரத்தில் பாதி வேலை பாக்கி. இழைகள் நகர முடியாமல் போனபின் மிச்சக் கைகள் ஒன்றையொன்று தேடிப் பிடிக்க நாட்கள் ஆகும், அதனால்தான் டின்னில் தொடுவதற்கு இரண்டு மணி நேரம், முழுதாக இறுக ஏழு நாள் என்று போட்டிருக்கும். கார் கம்பெனிகள் இந்தக் காத்திருப்பை அடுப்பில் சரிக்கட்டுகின்றன: மெலமைன் சேர்த்த பெயிண்டை 140 டிகிரி அளவில் அரை மணி நேரம் சுட்டு எடுப்பார்கள். ஓடிக்கொண்டிருக்கும் காரை டயரும் சீட்டுமாக அந்த அடுப்பில் வைக்க முடியாது என்பதால் ரிப்பேர் ஷெட்டில் இரண்டு டின் பியூவை அடித்து 60 டிகிரியில் விடுவார்கள். 10 டிகிரி கூடினால் வேகம் ஏறத்தாழ இருமடங்கு என்பது நாங்கள் வைத்திருக்கும் குத்துமதிப்பு. டின்னில் எழுதியிருக்கும் கலவை ஆயுள், அதாவது கலந்தபின் எவ்வளவு நேரத்துக்குள் அடிக்க வேண்டும் என்பது, பெரும்பாலும் 25 டிகிரிக்கு. மே மாத மதியம் அதில் பாதியும் கிடைக்காது. எபாக்சியில் இன்னும் ஒரு வம்பு, மொத்தமாக இருந்தால் தன் சூட்டிலேயே ஓடும். நான் ஒருமுறை பிளாஸ்டிக் மக்கில் கால் கிலோ கலந்து வைத்துவிட்டு போன் பேசப் போனேன், திரும்பி வரும்போது மக் சாய்ந்து புகைந்துகொண்டிருந்தது.

கேட்டுக்குச் சம்பந்தமில்லாத ஒரு விஷயம், சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஈரமான கடலோரத்துக்கும் குளிருக்கும் தாங்கும் எபாக்சி ஹார்டனர்களில் ஒரு முக்கியமான வகை முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெயிலிருந்து வருகிறது. பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைப்பவர்கள் கையைப் பொசுக்கும் அதே எண்ணெய். அதிலிருந்து எடுக்கும் கார்டனாலோடு ஃபார்மால்டிஹைடும் அமீனும் சேர்த்துச் செய்கிறார்கள். நீளமான எண்ணெய் வால் இருப்பதால் தண்ணீரைத் தள்ளும், பீனால் பக்கத்தில் இருப்பதால் வினை வேகமாக ஓடும். கப்பல் அடிப்பாகத்தில் அடிக்கும் கோட்டிங்குகளில் இது நிறைய.

இனி செய்ய வேண்டியது. சுருங்கியதன்மேல் எதையும் அடிக்காதீர்கள், தேய்த்துச் சமமாக்கிவிடலாம் என்று யாராவது சொன்னாலும் கேட்காதீர்கள், கீழே சூயிங்கம் அப்படியே இருக்கும். சுருங்கிய இடங்களைப் பெயிண்ட் ரிமூவரும் கம்பி பிரஷ்ஷும் போட்டு இரும்பு வரை எடுத்துவிடுங்கள். சுருங்காத இடத்துக்கு ஒரு சோதனை: வெள்ளைத் துணியை அந்தப் பியூ தின்னரில் நனைத்து, கிளியர் ஏறாத ஒரு பகுதியில் அழுத்தி இருபத்தைந்து தடவை முன்னும் பின்னும் தேயுங்கள். துணியில் கருப்பு ஏறினாலோ, தேய்த்த இடம் நகத்துக்கு இளகினாலோ இன்னும் முடிச்சு விழவில்லை. லேபில் எம்.இ.கே. கரைப்பானில் நூறு இருநூறு தடவை தேய்ப்போம், ஆல்கிட் அவ்வளவு தாங்காது, உங்களுக்கு இது போதும். அதற்கப்புறம் இரண்டு வழி. பியூ ஆசையை விட்டுவிட்டு உப்புத்தாள் போட்டு மெல்லிசாக எனாமலே இரண்டு கோட், கோட்டுக்குக் கோட் ஒரு முழு நாள் இடைவெளி. கேட்டுக்கு இது தாராளமாகப் போதும் என்பது என் அபிப்பிராயம். பியூதான் வேண்டுமென்றால் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு எபாக்சி பிரைமர், அதன்மேல் பியூ கலர். எபாக்சியை மேல் கோட்டாக விடாதீர்கள், வெயிலில் மஞ்சளாகி மாவாக உதிரும். பியூ ஹார்டனரும் அலிஃபாட்டிக் வகையா என்று கேட்டு வாங்குங்கள், அரோமாட்டிக் என்றால் அதுவும் மஞ்சளாகும்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன், பியூவை ஸ்பிரே செய்யும்போது கைக்குட்டை கட்டிக்கொண்டு அடிக்க விடாதீர்கள். காற்றில் மிதக்கும் ஐசோசயனேட் சிலருக்கு நிரந்தர ஆஸ்துமாவைக் கொண்டுவரும், ஒருமுறை உடம்பு பழகிவிட்டால் அப்புறம் துளியளவுக்கே மூச்சு அடைக்கும். கார் ஸ்பிரே பெயிண்டர்களுக்கு இது ஊரறிந்த நோய். கார்ட்ரிட்ஜ் வைத்த மாஸ்க், திறந்தவெளி, தெருப்பக்கம் குழந்தைகள் இல்லாத நேரம். கலந்து மிஞ்சியதை மூடிபோட்டு வைக்காதீர்கள். உள்ளே ஈரம் இருந்தால் டின் உப்பும், ஈரம் இல்லாவிட்டாலும் மறுநாள் கல்லாகத்தான் இருக்கும்.

பிளேடால் வெட்டிய அந்த வெட்டுமுகத்தை நல்ல வெளிச்சத்தில் போட்டோ எடுத்துப் போடுங்கள், பார்த்துவிட்டு டூப்ளிகேட் விஷயத்தில் இன்னும் ஏதாவது சொல்ல முடிகிறதா என்று பார்க்கிறேன்.